அடும்பங்கொடியின் அருகே

சூல் முற்றிய ஆமையொன்று, அடும்பங்கொடி சிதையக் கரையேறி, வெண்மணல் மேட்டில் முட்டைகளைப் புதைக்கும் காட்சி அகநானூற்றின் 160ஆம் பாடலில் வருகிறது. குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை காவலிருக்கும் என்கிறார் புலவர் குமுழிஞாழலார் நப்பசலையார். உண்மையில் ஆண் ஆமை முட்டைகளைத் தேடி வருவதில்லை. முட்டையிட்ட தாயும் அன்றிரவே கடலுக்குத் திரும்பிவிடும். ஆனால் மணலுக்குள் கிடக்கும் அந்த உயிர்களுக்கு ஒரு காவல் வேண்டும் என்று அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் மனம் தவித்திருக்கிறது.

அந்தத் தவிப்பு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மனிதர்களைப் பற்றிக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் ஆமை முட்டைகளைத் தேடிக் காக்கச் சென்னைக் கடற்கரையில் இரவு நடையைத் தொடங்கினார்கள். பிறகு சில ஆண்டுகள் வனத்துறை அப்பணியைச் செய்தது. அது நின்றதும், 1988இல் மாணவர்கள் அமைப்பாகத் திரண்டு நடக்கத் தொடங்கினார்கள். வருங்காலத் தலைமுறைகளின் தேவைக்குக் குறைவைக்காததே நீடித்த வளர்ச்சி என்று ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம் அதற்கு முந்தைய ஆண்டுதான் வரையறுத்திருந்தது. மாணவர்கள் அந்த அறிக்கையைப் படித்தார்களோ இல்லையோ, அதன் பொருளை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கால்களால் எழுதினார்கள்.

தை பிறந்தால் நடை தொடங்கும். டிராக்டர் சக்கரம் உருண்டாற்போன்ற தடம் கண்ணில் பட்டால் எல்லாரும் நிற்பார்கள். குச்சியால் மெல்லக் குத்திப் பார்க்க, ஓரிடத்தில் மணல் நெகிழும். கைகளால் தோண்டினால், குடம்போல் குடைந்த குழிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்ணிற முட்டைகள், பிங்பாங் பந்துகளைப் போல. அவற்றைப் பையில் எடுத்துச்சென்று, காப்பகத்தில் அதேபோன்ற குழியில் மீண்டும் புதைப்பார்கள். ஏறத்தாழ 45 நாளில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றில் பிழைத்த பெண் ஆமை முட்டையிடக் கரையேறப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். முட்டையைச் சுமந்த மாணவர் அப்போது எந்த ஊரில் இருப்பாரோ! வேறொருவர் அந்தத் தடத்தைத் தேடிக்கொண்டிருப்பார். பலனைத் தான் காணாமல் செய்யும் இந்த வேலையை விடப் பெரிய பாடத்தை எந்த வகுப்பறையும் நம் பிள்ளைகளுக்குத் தந்துவிடாது.

கரைதான் மாறிவிட்டது. முதலில் நடந்தவர்கள் கண்ட இருட்டு இன்றில்லை. குஞ்சுகள், வெளிச்சமுள்ள பக்கமே கடல் என்று நம்பித் தெருவிளக்கை நோக்கி ஊர்கின்றன. கடலோரத்தில் குடியிருப்பவர்களே, தை முதல் சித்திரை வரை இரவில் மாடி விளக்கை அணைத்துவையுங்கள்.