உண்டியல் உபதேசமும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும்

ஆண்டுதோறும் அக்டோபர் 30 வந்துவிட்டால் நம் நாட்டில் ஓர் உபதேசத் திருவிழா நடக்கிறது. உலக சிக்கன நாளாம்! 1924ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் சர்வதேச மாநாடு பெற்றெடுத்த நாள் இது. பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. "சிறு துளி பெரு வெள்ளம்" என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். "எறும்பைப் பார்!" என்று மேடையில் முழங்குகிறார்கள்.

எறும்பை நாமும் பார்க்கிறோம். எறும்பு சேர்த்த அரிசியை எந்த மிராசுதாரும் அளந்துகொண்டு போவதில்லை. எந்த ஆலை முதலாளியும் அதன் புற்றில் பிடித்தம் செய்வதில்லை!

சேமிப்பு கெட்டது என்று நாம் சொல்லவில்லை. உழைப்பாளி வீட்டுக்கு அதைக் கற்றுக்கொடுக்க மேடை தேவையில்லை என்கிறோம். உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுகிறவர்கள் நம் பெண்கள். கடுகு டப்பாவில் சிறுவாடு சேர்க்கிறார்கள். அந்தச் சிறுவாடு எங்கே போகிறது? பிள்ளையின் காய்ச்சலுக்குப் போகிறது. வேலையற்ற ஐப்பசி மழை நாட்களுக்குப் போகிறது. ஊதாரித்தனத்துக்கு ஒரு காசு போனதுண்டா?

சிக்கனம் பேசுகிற சீமான்களை ஒன்று கேட்கிறோம்: நம் பிள்ளைகள் சேர்த்ததை நீங்கள் என்ன செய்தீர்கள்?

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஏழை வீட்டு இளம் பெண்களை, சிறுமிகளைக்கூட, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் அடைத்தார்கள். கூலியில் ஒரு பகுதியைக் கையில் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டு, "உன் கல்யாணத்துக்குச் சேமிக்கிறோம்" என்றார்கள். நோயில் விழுந்து கெடுவுக்கு முன்பே வீடு திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. இதற்குப் பெயர் சேமிப்பா? பச்சைக் கூலித் திருட்டு!

ஆலையில்தான் இப்படி, சர்க்காரிடம் போட்டால் பத்திரம் என்பீர்களா? பெண் குழந்தைகளுக்கென்று 2015ல் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது வட்டி 9.1 சதம். அது 2020ல் 7.6க்கு இறங்கியது. 2021 மார்ச் 31 அன்று அதையும் 6.9 ஆக வெட்டி உத்தரவு போட்டார்கள். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் தேர்தல் நேரம்! மறுநாள் காலையிலேயே, கவனக்குறைவாக வெளியான உத்தரவு என்று சொல்லி வாபஸ் வாங்கினார் நிதியமைச்சர். 2024ல் 8.2 ஆயிற்று. பழைய 9.1 திரும்பவில்லை.

வங்கிக் கதை இன்னும் விசித்திரம். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற குற்றத்துக்காக, 2019-20 முதல் ஐந்தாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் வசூலித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய். 2014-15 முதல் ஒன்பது ஆண்டுகளில் வங்கிகள் வராக்கடன் என்று ஏட்டிலிருந்து நீக்கியதோ 14.56 லட்சம் கோடி ரூபாய். அதில் ஏறத்தாழப் பாதி பெருந்தொழில்களும் பெரிய சேவை நிறுவனங்களும் வாங்கிய கடன். இரண்டும் நாடாளுமன்றத்தில் அமைச்சர்களே தந்த கணக்கு. இல்லாதவனுக்கு அபராதம், ஏப்பம் விட்டவனுக்குத் தள்ளுபடி! சிக்கனப் பாடத்தை முதலில் யாருக்கு நடத்த வேண்டும்?

தஞ்சைப் பண்ணையாளின் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு கூடுதலாகக் கிடைத்தது உண்டியலால் அல்ல. செங்கொடியின் கீழ் திரண்ட போராட்டத்தால், 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி நெல் கூடியது. கூலி கூடினால்தான் மிச்சம் உண்டு. மிச்சம் இருந்தால்தான் சேமிப்பு உண்டு.

ஆகவே தோழர்களே, பிள்ளைக்கு உண்டியல் வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. அதோடு கணக்கும் கற்றுக்கொடுங்கள். சம்பளச் சீட்டை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பி.எப். பிடித்த பணம் கணக்கில் ஏறியதா, மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி வந்ததா, களத்து மேட்டில் அளந்த மரக்கால் சரியா என்று அவளையும் கேட்கச் சொல்லுங்கள். கந்துவட்டிக்காரன் நூற்றுக்கு மாதம் பத்து என்றால், ஆண்டுக்கு நூற்றிருபது என்று அந்தப் பிள்ளை முகத்துக்கு நேரே சொல்லட்டும்!

காசைச் சேர்க்கக் கற்ற பிள்ளை, தன் காசு எங்கே களவு போகிறது என்றும் கேட்கக் கற்கட்டும். கேட்கிற பிள்ளைகள் நாளை சங்கத்தில் சேர்வார்கள். உழைப்பாளி வர்க்கத்தின் பெரிய சேமிப்பு அதுதான்!