களை எடுக்க 'ஸ்கில்' வேண்டாமா?

பட்டணத்துல இருந்து ஊருக்கு வர்ற தம்பி தங்கச்சிமாரு வாயில அடிக்கடி விழுற சொல்லு 'ஸ்கில்'. கம்யூனிகேஷன் ஸ்கில், சாஃப்ட் ஸ்கில், அப்ஸ்கில் பண்ணணும்... கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க ஊருக்கு இந்தச் சொல்லு வந்தது மட்டும் தலைகீழா. 'அன்ஸ்கில்டு'ன்னுதான் வந்தது.

2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், அதாவது நம்ம நூறு நாள் வேலை, 'அன்ஸ்கில்டு' உடலுழைப்புக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தது: எந்தத் திறனும் தனிப் பயிற்சியும் இல்லாமல், வயது வந்த யாரும் செய்யக்கூடிய வேலை. நோக்கம் நல்லதுதான். படிச்சிருக்கியா, சர்டிபிகேட் இருக்கான்னு கேட்டு யாரையும் திருப்பி அனுப்பிடக் கூடாதுல்லா. ஆனா வேலைக்கு வச்ச பேரு, வேலை செய்யுற ஆளு மேல ஒட்டிக்கிட்டுது. குறைந்தபட்சக் கூலி அட்டவணையிலயும் ஸ்கில்டு, செமி ஸ்கில்டு, அன்ஸ்கில்டுன்னு படி கட்டி வச்சிருக்காங்க. வயக்காட்டு வேலைன்னாலே கீழ்ப்படிதான்னு ஊர்லயும் ஒரு நெனப்பு.

களை எடுப்பை எடுத்துக்கிடுங்க. பிசான நடவு முடிஞ்ச கொஞ்ச நாள்ல, கன்னடியன் கால்லயோ கோடகன் கால்லயோ தண்ணி பாயுற எந்த வயல்லயும் இறங்கிப் பாருங்க. நெல்லுக்கு நடுவுல குதிரைவாலிப் புல்லு நிக்கும். (நீங்க சிறுதானியக் கடையில வாங்குற குதிரைவாலிக்கு இது பங்காளி.) அதே உயரம், அதே பச்சை. இலை தண்டோட சேருற இடத்துல நெல்லுக்கு மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், புல்லுக்கு இருக்காது. அம்புட்டுதான் வித்தியாசம். முட்டளவு சேத்துல குனிஞ்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போயா பார்க்க முடியும்? களை எடுக்க வர்ற ஆச்சி ஒருத்தங்ககிட்ட எப்படிக் கண்டுபிடிக்கீங்கன்னு கேட்டேன்.

"அது கைக்குத் தெரியும்லா தம்பி" என்றாங்க.

இந்தப் புல்லு ஏன் நெல்லு மாதிரி இருக்குங்கிறதுல ஒரு சங்கதி உண்டு. நிக்கோலாய் வவிலோவ்னு ஒரு ரஷ்ய விஞ்ஞானி. பயிரைப் போலவே வேஷம் போடுற களைகளை விளக்கினவர். இன்னைக்கும் அந்த வேஷத்துக்கு அவர் பேரைத்தான் சொல்லுறாங்க. வித்தியாசமாத் தெரிஞ்ச புல்லையெல்லாம் மனுசங்க தலைமுறை தலைமுறையா பிடுங்கிப் போட்டாங்க. நெல்லு மாதிரி இருந்தது மட்டும் தப்பிச்சு விதை விட்டுது. அப்படியே போயிப் போயி, புல்லு நெல்லாட்டம் ஆகிப் போச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரு செடியோட உருவத்தையே மாத்துற அளவுக்குக் கூர்மையா இருந்திருக்கு களை எடுத்தவங்க கண்ணு. அந்த வேஷத்தையும் தாண்டி இன்னைக்குப் பிடிக்காங்களே, அந்தக் கையைத்தான் 'அன்ஸ்கில்டு'ன்னு எழுதுதோம்.

இதுல வேடிக்கை, 'ஸ்கில்' என்ற சொல்லே ஸ்காண்டிநேவியப் பக்கத்துப் பழைய நார்ஸ் மொழியில இருந்து இங்கிலீஷுக்குப் போனது. அங்கே அதுக்குப் பொருள் வேறுபாடு, பிரித்தறிதல். அதாவது இது நெல்லு, இது புல்லுன்னு பிரிக்கத் தெரிஞ்சிருக்கது! அந்த அர்த்தத்துல பார்த்தா, எங்க ஆச்சியைக் காட்டிலும் ஸ்கில்டு ஆளு யாரு?

2015-ல் 'ஸ்கில் இந்தியா' திட்டம் வந்தது. பயிற்சி, பரீட்சை, சர்டிபிகேட். தப்பில்லை, டிராக்டர் மெக்கானிக்குக்கும் வெல்டருக்கும் அது வேணும். ஆனா சர்டிபிகேட் கொடுக்க முடிஞ்சதுதான் திறமைன்னு ஆகிட்டா, கைப்பழக்கத்தை எந்தக் கணக்குல சேக்குறது? பத்தமடைப் பட்டுப்பாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்துட்டோம். அதுக்குக் கோரையை மயிரிழையாக் கீறுற கைக்கு என்ன படி?

எங்க ஊர்ல களைக்கொல்லி அடிக்கிறவருக்குக் கூலி கூட, களை எடுக்கிற பொம்பளையாளுக்குக் குறைச்சல். மெஷின் தூக்கினா ஸ்கில்லாம். குதிரைவாலிப் புல்லோ பல நாடுகள்ல மருந்துக்கும் பழகிக்கிட்டுது. அங்கெல்லாம் மறுபடி கையைத்தான் தேடணும். எங்க ஊர்க் களையெடுப்பு கூட்டத்துல வயசுப்பிள்ளை ஒண்ணும் கிடையாது. கீழ்ப்படி வேலைன்னு பேரு வச்ச பிறகு யார் வருவா?

நானும் கூலி கொடுக்கிறவன்தான், கூட்டினா என் பைதான் கடிக்கும். இருந்தாலும் இந்தப் பிசானத்துல மருந்தடிக்கிற கூலியையே களை எடுப்புக்கும் கொடுத்தேன். "ஏன்வே ரேட்டை ஏத்தி விடுதீரு"ன்னு பக்கத்து வயக்காரர் கேக்காரு. அவர் வயல்லயும் புல்லு நிக்கத்தான் செய்யுது.