துடுப்பை விட்ட பெண்: அது நடிப்பா, சோர்வா?

ஒலிம்பிக்ஸ் என்றாலே பதக்கம் வாங்கியவர்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுவோம். நான் இன்னைக்கு எழுதப் போவது கடைசியாக வந்த ஒரு படகைப் பற்றி. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2004 ஆகஸ்ட், ஏதென்ஸ். பெண்கள் எட்டுத் துடுப்புப் படகு இறுதிப் போட்டி. ஆறு நாடுகள், 2000 மீட்டர்.

இந்தப் படகில் எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு துடுப்பு. ஒன்பதாவது ஆள் துடுப்பு போட மாட்டார். சுக்கானைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்பார், அவருக்கு காக்ஸ் என்று பெயர்.

ஆஸ்திரேலியப் படகு கடைசி ஐந்நூறு மீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போது சாலி ராபின்ஸ் என்ற 23 வயதுப் பெண் துடுப்பு போடுவதை நிறுத்தினார். அப்படியே பின்னால் சாய்ந்து, பின் இருக்கைத் தோழியின் மடியில் கிடந்தார். மற்ற ஏழு பேரும் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

ருமேனியா தங்கம். அமெரிக்கா வெள்ளி. நெதர்லாந்து வெண்கலம். ஆஸ்திரேலியா ஆறாவது.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். அணித்தோழிகள் கேமரா முன்னாலேயே கோபத்தைக் கொட்டினார்கள். பத்திரிகைகள் ஒரு பழைய பாட்டின் தலைப்பை எடுத்து "லே டவுன் சாலி" என்று பட்டப்பெயர் வைத்தன. படுத்துக்கோ சாலி என்று அர்த்தம். அவர் செய்தது ஆஸ்திரேலியருக்கு அழகா என்று நாடே விவாதம் நடத்தியது. ஊர் திரும்பிய பிறகு, வரவேற்பு நிகழ்ச்சியில் அணித்தோழி ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைந்தார்.

ஆக, தீர்ப்பு சொல்லியாச்சு. நோயாளியை யாராவது பரிசோதித்தார்களா என்று யாரும் கேட்கவில்லை!

சரி, அந்த ஆறு நிமிடத்தில் உடம்புக்குள் என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

ஓட்டப்பந்தயத்தில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். படகில் அது முடியாது. இருக்கை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். எட்டுப் பேரும் ஒரே நொடியில் முன்னே வந்து, ஒரே நொடியில் காலால் உதைத்துத் துடுப்பை இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு முப்பத்தைந்து தடவைக்கு மேல். ஒருத்தர் அரை நொடி தாமதித்தாலும் துடுப்பு தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். அதனால் "கொஞ்சம் மெதுவா போட்டிருக்கலாமே" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. போடலாம், இல்லை நிறுத்தலாம்.

கால், இடுப்பு, முதுகு, கை என்று உடம்பின் பெரிய தசைகள் எல்லாமே ஒரே நேரத்தில் ரத்தம் கேட்கும். இதயம் எல்லாருக்கும் பங்கு வைத்தாக வேண்டும்.

போதாததற்கு, எல்லாப் படகும் தொடக்கத்தில் வெறித்தனமாகக் கிளம்பும். அந்த முதல் நிமிடத்தில் தசைகள் ஆக்சிஜன் இல்லாமலேயே சக்தியைக் கடன் வாங்குகின்றன. கந்துவட்டிக் கடன். வசூலுக்கு வருவது நாலாவது, ஐந்தாவது நிமிடத்தில்.

அந்தக் கடனின் ஒரு அளவுகோல் ரத்தத்தில் இருக்கும் லாக்டேட். நீங்களும் நானும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது 1 அளவில் இருக்கும். எங்கள் வார்டில் கிருமித்தொற்று முற்றி வரும் நோயாளிக்கு 4-ஐத் தாண்டினாலே நாங்கள் ஓட ஆரம்பித்துவிடுவோம். துடுப்பு வீரர்களுக்குப் போட்டி முடியும்போது 15-க்கு மேல் போவது சாதாரணம். இரண்டும் ஒன்றல்ல, வீரர்களுக்கு ஓய்வெடுத்தால் சீக்கிரமே இறங்கிவிடும். ஆனாலும் அந்த நிமிடத்தில் ரத்தம் எவ்வளவு அமிலமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போ முக்கியமான கேள்வி. அவருக்கு உடம்பு நின்றதா, மனசு நின்றதா?

இந்தக் கேள்வியே தப்புங்க.

தசையை இயக்குவது மூளை. உடம்பு ஆபத்தான எல்லையை நெருங்கும்போது மூளையே தசைக்குப் போகும் கட்டளையைக் குறைக்கிறது என்று தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் போன்றவர்கள் வாதிட்டார்கள். அந்தக் கோட்பாட்டை அப்படியே எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் சோர்வில் மூளைக்குப் பங்கு உண்டு என்பதில் சண்டை இல்லை. பயமும் பதற்றமும் மூச்சைக் கெடுக்கும், கெட்ட மூச்சு தசையைக் கெடுக்கும். எங்கே கோடு கிழிப்பீர்கள்?

"2002 உலகச் சாம்பியன்ஷிப்பிலும் இப்படித்தான் நிறுத்தினார்" என்று அவருக்கு எதிராகச் சொன்னார்கள். ஒரு மருத்துவனாக எனக்கு இது எதிர்ச்சாட்சியாகத் தெரியலை. திரும்பத் திரும்ப வரும் ஒரு அறிகுறியாகத்தான் தெரிகிறது. இதயத் துடிப்பில் கோளாறா? ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவா? கடும் உழைப்பின்போது குரல்வளை சுருங்கி மூச்சடைக்கும் ஒரு பிரச்சனை இருக்கிறது, இளம் வீராங்கனைகளிடம் பார்க்கிறோம், அதை ஆஸ்துமா என்று தப்பாக நினைப்பவர்களும் உண்டு. அதுவா? பதற்றமா? அத்தனையையும் பார்த்த பிறகுதான் ஒரு முடிவுக்கு வர முடியும். டிவியில் பார்த்துவிட்டு அவருக்கு என்ன நோய் என்று நானும் சொல்ல மாட்டேன். "நோயே இல்லை, கோழைத்தனம்" என்பதும் டிவி பார்த்துச் சொன்ன டயக்னோசிஸ்தானே?

இதோடு ஒப்பிட இன்னொரு பெண். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தான். சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ், 39 வயது, வெயிலில் உடம்பு கோணிக்கொண்டு ஸ்டேடியத்துக்குள் தள்ளாடி வந்தார். மருத்துவர்கள் ஓடி வந்து பார்த்தார்கள். வியர்த்துக்கொண்டிருந்ததால் தொடர விட்டார்கள். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. 37-வது இடம். அரங்கமே எழுந்து கைதட்டியது.

இரண்டு பேர் உடம்பும் மறுத்தது. ஒருத்தர் தனியாக ஓடினார், வீராங்கனை ஆனார். இன்னொருத்தர் எட்டுப் பேரில் ஒருத்தராக இருந்தார், துரோகி ஆனார்.

அந்த அணித்தோழிகளின் கோபம் எனக்குப் புரியுது. வருஷக்கணக்கில் விடிகாலைப் பனியில் துடுப்பு போட்டவர்கள். ஆத்திரம் வராவிட்டால்தான் ஆச்சரியம். என் வருத்தம், வீட்டில் உட்கார்ந்து சிரித்தவர்கள் மேல்.

பெண்கள் விஷயத்தில் இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. விளைவு? 1960 வரை அந்தப் போட்டியே பெண்களுக்கு இல்லை. பெண்கள் துடுப்புப் போட்டி ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1976-ல்தான். அதுவும் 1000 மீட்டர் மட்டும், ஆண்கள் தூரத்தில் பாதி. 2000 மீட்டர் கிடைத்தது 1988-ல். விழுந்தால் "பலவீனம்", அதே தூரத்தைக் கொடுத்த பிறகு விழுந்தால் "நடிப்பு". நல்லா இருக்குல்ல?

இதை ஏன் நான் எழுதுறேன்?

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் வேலை பார்த்த யாரும் "சும்மா நடிக்குது சார்" என்ற வார்த்தையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. மயங்கி விழுந்த மருமகளைப் பற்றி, பள்ளி மைதானத்தில் சாய்ந்த பிள்ளையைப் பற்றி, கூட வந்தவர்களே சொல்வார்கள்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு ராத்திரி, முப்பது வயதுப் பெண் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் இமை துடித்துக்கொண்டிருந்தது. நடிப்பு என்றார்கள். நானும் நம்பினேன். சீனியர் சிஸ்டர் ஒருத்தர்தான் கீழ் இமையை இழுத்துக் காட்டி, "வெளுத்துக் கிடக்கு, பாருங்க சார்" என்றார். ஹீமோகுளோபின் 5.4. அந்த உடம்போடு அன்று பகல் முழுக்கக் களை பறித்திருக்கிறார்.

"சரி டாக்டர், சாலி நிஜமாவே மனசு விட்டு நிறுத்தியிருந்தா?" என்று கமெண்ட்டில் கேட்பீர்கள். இருக்கட்டுமே. பதற்றத்துக்கும் சிகிச்சை இருக்கு. கன்னத்தில் விழுந்த அறை அந்தச் சிகிச்சையில் சேராது.

இப்போதெல்லாம் "நடிக்குது" என்று யார் கூட்டி வந்தாலும் முதலில் சர்க்கரை, பிபி, இசிஜி, ஹீமோகுளோபின். அதற்கப்புறம்தான் கதை கேட்பேன். உங்கள் வீட்டில் அடிக்கடி மயங்கி விழும் பெண் இருந்தால், அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் இந்த நாலையும் பார்க்கச் சொல்லுங்க. காசு வாங்க மாட்டாங்க.