பிழை குக்கரிலயா, சுவரிலயா?

வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். சமையலறை என்று சொல்வது ஒரு மேசையும் ஒரு பிளக் பொயின்ட்டும்தான். போன மாதம் ஒரு இரவு சோறு வெந்துகொண்டிருக்கும்போது மீன் அழுகினமாதிரி ஒரு மணம். அன்றைக்கு மீனே வாங்கவில்லை. தேடிப் பார்த்தால், ரைஸ் குக்கரின் பிளக் தொட ஏலாத சூடு. பொயின்ட்டின் ஓரம் மண்ணிறமாகிவிட்டது.

வீட்டுக்கார அன்ரியிடம் சொன்னோம். "தம்பி, அது உங்கட குக்கர்ல பிழை. எங்கட வீட்டு கரண்ட் முப்பது வருஷமா ஒழுங்காத்தான் ஓடுது" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த முப்பது வருடத்தில் அந்த பொயின்ட்டில் ஓடியது ஒரு ஃபேனும் டிவியும். 2021 கடைசியில் காஸ் சிலிண்டர்கள் வெடிக்கத் தொடங்கின. 2022 இல் காஸ் கியூ. அப்போதுதான் கொழும்பில் நிறையப் பேர் குக்கருக்கும் ஹொட்பிளேட்டுக்கும் இண்டக்ஷனுக்கும் மாறினோம். கரண்ட் பில் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், அடுத்த பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் ஏறியபிறகும் பலர் திரும்பிப் போகவில்லை. அடுப்பு மாறிவிட்டது, சுவருக்குள் இருக்கிற வயர் மாறவில்லை.

கணக்கு லேசு. குக்கர் 700 வொட், கேத்தில் 2000 வொட். இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 12 அம்பியர். பழைய வீடுகளில் இன்னும் இருக்கிற சின்ன உருண்டை முள் பொயின்ட் 5 அம்பியருக்குச் செய்தது. 13 அம்பியர் பொயின்ட் என்றாலும், உள்ளே முள்ளைப் பிடிக்கிற தகடு தளர்ந்திருந்தால், அல்லது வயர் ஆணி இளகியிருந்தால், அந்த இடம்தான் சூடாகும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

"டிரிப் சுவிட்ச் விழும்தானே" என்று எங்களில் ஒருவன் சொன்னான். விழாது. அது கரண்ட் வெளியே கசிந்தால் விழுகிற சாமான். இளகின ஆணி சிவக்கச் சிவக்கச் சூடானாலும் அதற்குத் தெரியாது.

யாரில் பிழை என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்தது இதுதான். அந்த பொயின்ட்டை விட்டுவிட்டு, குக்கரை மட்டும் முன்னறை பொயின்ட்டில், மல்டி பிளக் இல்லாமல், நேராகப் போட்டோம். பத்து நிமிடம் கழித்து சுவிட்சை நிறுத்தி பிளக்கைத் தொட்டுப் பார்த்தோம். சூடில்லை. அங்கேயும் சுட்டிருந்தால் பிழை குக்கரின் பிளக்கில் அல்லது கோட்டில். குக்கரின் அடித்தட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் சட்டி சரியாக உட்காராது, அடிப்பிடிக்கும். ஆனால் அதனால் பிளக் சுடாது.

இன்னொன்று. எங்கள் சிநேகிதி ஒருத்தி நின்றுபோன குக்கரைக் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கொடுத்தாள். பாஸ் உள்ளே இருந்த தேர்மல் பியூஸைக் கழற்றி எறிந்துவிட்டு, வயரை நேரே முறுக்கிக் கொடுத்தார். "இனிப் போகாது" என்றாராம். உண்மைதான், இனி எது எரிந்தாலும் அது நிற்காது. அந்தச் சின்னப் பியூஸ் சில நூறு ரூபாய்ச் சாமான். மாற்றித் தாங்க என்று கேட்க வேண்டும், முடியாது என்றால் குக்கரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

பொயின்ட்டுக்கு வருவோம். கூரை ஒழுகினால் வாடகைக்காரன் ஓடு வாங்குவதில்லை. பொயின்ட்டும் வயரும் வீட்டோடு சேர்ந்தவை, அதைத் திருத்துவது வீட்டுக்காரரின் செலவு என்பதுதான் எங்கள் கருத்து. மாதக்கணக்கில் அட்வான்ஸ் வாங்குகிறவர்களிடம் இதைக் கேட்க நாங்கள் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறோம்? அறை பார்க்கப் போகும்போது தண்ணி வருதா, வைஃபை இருக்கா என்று கேட்கிறோம். அடுப்படி பொயின்ட் மண்ணிறமா என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

மெயினை நிறுத்தி, வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு மாற்றினோம். உள்ளே வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்குக் கருகிப் பொடியாக விழுந்தது. அதை ஒரு கடதாசியில் சுற்றி, பில்லோடு அன்ரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பாதியை வாடகையில் கழிக்கச் சொன்னார். மற்றப் பாதிக்கு இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.