க-வுக்குப் பின்னால் ஒரு கொம்பு

போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அங்கிருந்து புரோத்ராபூருக்கு பஸ் ஏறுகிறவர்கள் பேச்சில் மட்டும் அது இன்னும் போர்ட் பிளேர்தான். புரோத்ராபூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது அங்குள்ள மாவட்டச் சிறை. எனக்கு அது அக்காவின் மளிகைக் கடை இருக்கும் ஊர். கடையில் பேச்சு இந்தியிலும் வங்காளியிலும் தெலுங்கிலும் நடக்கும். கணக்கு மட்டும் தமிழில்.

அந்தக் கணக்கு இருக்கும் லேப்டாப் பத்து வருஷத்துக்கு மேல் பழசு. நினைவகம் 2 ஜிபி. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வாசல் தெளித்து, கோலம் போட்டு, காப்பி குடித்துவிட்டு அக்கா வந்து பார்த்தால் அப்போதுதான் கண் விழித்திருக்கும். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமா தம்பி?" என்று கேட்டாள்.

நாட்டில் பல லட்சம் வீடுகளில் இப்போது இதே கேள்விதான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. பழைய மிஷின்களுக்கு இது கட்டாய ஓய்வு. லினக்ஸ் பக்கம் போனாலும் உபுண்டு 24.04 டெஸ்க்டாப்பும் 4 ஜிபி கேட்கிறது. இந்தியாவுக்கென்று சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இருக்கிறது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் எல்லாம் உண்டு. ஆனால் அது முழுச் சாப்பாடு. எங்கள் லேப்டாப்புக்கு ஜீரணமாகக்கூடியது தயிர் சாதம்.

தயிர் சாதம் என்றால் நாமே பிசைந்துகொள்ள வேண்டும். லினக்ஸில் நீங்கள் திரையில் பார்க்கும் 'டெஸ்க்டாப்' என்பது ஒரே பொருள் அல்ல. அடியில் கெர்னல். அதன் மேல் 1984-ல் எம்ஐடி-யில் பிறந்த எக்ஸ் விண்டோ என்ற திரை அமைப்பு. அதன் மேல், ஜன்னல்களை எங்கே வைப்பது, எப்படி நகர்த்துவது, தலைப்பில் என்ன எழுதுவது என்று பார்த்துக்கொள்ளும் விண்டோ மேனேஜர். பிறகு கீழே ஒரு பட்டை, ஃபைல்களைக் காட்ட ஒரு நிரல். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மூல நிரல் திறந்து கிடக்கிறது. வேண்டியதை எடுத்து, கம்பைல் செய்து, சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

அந்தமானில் ஒரு காலத்தில் இந்த 'எடுத்து' என்ற சொல்தான் கஷ்டம். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் இழுத்த ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்படும் வரை தீவுகளின் இன்டர்நெட் செயற்கைக்கோளை நம்பி இருந்தது. பெரிய ஃபைல் என்றால் ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். காலையில் பாதியில் நின்றிருக்கும். அதனால் இங்கே கிலோபைட்டுக்கு மரியாதை உண்டு. அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கும் அந்த மரியாதை ரத்தத்தில் வந்திருக்கிறது. பட்டியலைப் பார்த்து, இருப்பதிலேயே சின்னதைக் காட்டினாள். "இது ஐம்பது கேபி கூட இல்ல மாமா."

அது டிடபிள்யூஎம். 2006-ல் வந்த விண்டோ மேனேஜர். மூல நிரல் 2,000 வரியைத் தாண்டக்கூடாது என்பது அதைச் செய்தவர்கள் போட்டுக்கொண்ட விரதம். செட்டிங்ஸ் மெனு கிடையாது. நிறம் மாற்ற வேண்டுமானால் கான்ஃபிக்.ஹெச் என்ற சி மொழி ஃபைலைத் திறந்து, மாற்றி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கத்துக்குட்டிகள் அண்டக்கூடாது என்பதற்காகவே இப்படி என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். நான் கத்துக்குட்டிதான். ஆனாலும் அண்டினேன்.

டெஸ்க்டாப் எதுவும் சேர்க்காமல் வெறும் டெபியனை நிறுவி, எக்ஸை வைத்து, இதைக் கம்பைல் செய்தோம். சில விநாடிகளில் முடிந்தது. திரை வந்ததும் நினைவகத்தைப் பார்த்தால் நூறு மெகாபைட் சொச்சம்தான் செலவாகியிருந்தது. பழைய லேப்டாப்புக்கு வயசு திரும்பிவிட்டது. கணக்குக்கு ஜினூமெரிக் என்ற சின்ன ஸ்ப்ரெட்ஷீட். அக்காவைக் கூப்பிட்டுப் பெருமையாக அவளுடைய 'கொடுக்கல் வாங்கல்' ஃபைலைத் திறந்தேன்.

அக்கா எண்களைப் பார்க்கவில்லை. திரையின் தலையைப் பார்த்தாள். மேல் பட்டையில் முதலில் க நின்றது. அதற்குப் பின்னால் கொம்பு, கொம்புக்குப் பின்னால் கால். டு-வில் ட தனி, உகரக் குறி தனி. "என் பேரேட்டுப் பேரையே தப்பா எழுதுற மிஷின் கணக்கைச் சரியாப் போடுமா?" என்றாள். ஜன்னலுக்குள்ளே எல்லா எழுத்தும் சரியாகத்தான் இருந்தது. அதைக் காட்டினேன். அவள் சமாதானம் ஆகவில்லை.

அக்கா மகள் ஒரு வழி சொன்னாள். கான்ஃபிக்.ஹெச்-சில் ஷோபார் என்ற இடத்தில் 1-ஐ 0 ஆக்கினால் பட்டையே மறைந்துவிடும். பிழையும் மறையும். சொல்ல வெட்கம், நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

விஷயம் இதுதான். யூனிகோடில் தமிழைச் சேமிக்கும்போது நாம் உச்சரிக்கிற வரிசையில் சேமிக்கிறோம்: முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. திரையில் வரைகிறபோது கொம்பை க-வுக்கு முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் நிறுத்த வேண்டும். டு-வுக்கும் கு-வுக்கும் தனி உருவம் எடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை எதுவும் இல்லை. வருகிற எழுத்தை வரிசையாக வரைந்துகொண்டே போனால் போதும். இந்த வேலைக்கென்றே ஹார்ஃப்பஸ் என்று ஒரு நிரல் நூலகம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி வரிகளை அமைப்பது பாங்கோ என்ற இன்னொன்று. பேரில் பாதி கிரேக்கம், பாதி ஜப்பானியம்; 'எல்லா மொழியும்' என்று பொருள் வருகிற மாதிரி வைத்தது. டிடபிள்யூஎம் இரண்டையும் தொடுவதில்லை. எக்ஸ்எஃப்டி என்ற நூலகத்திடம் எழுத்துகளை நேராகக் கொடுத்துவிடுகிறது. 2,000 வரி விரதம் காப்பாற்றப்படுகிறது. கொம்பு இடம் மாறுகிறது.

இதைப் பிழை என்று சொன்னால் அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எளிமை என்பார்கள். எது தேவை, எது சுமை என்று எடை போட்ட தராசில் ஏ, பி, சி மட்டுமே வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. கெட்ட எண்ணம் இல்லைதான். எங்கள் எழுத்து அந்தப் பக்கம் போனதில்லை, அவ்வளவே.

ஆனால் மூல நிரல் கையில் இருப்பதால் ஒரு வசதி: தமிழ் எந்த இடத்தில் கைவிடப்பட்டது என்று பார்க்க முடிகிறது. டிஆர்டபிள்யூ.சி என்ற ஃபைலில், எழுத்தை வரையச் சொல்லும் ஒரு அழைப்பு. அங்கேதான். அதற்குப் பாங்கோவை ஒட்டுப்போடும் பேட்ச் ஒன்றும் கிடைக்கிறது. ஒட்டுப்போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஜன்னலுக்குள்ளே தமிழ் சரியாக இருந்ததே, எப்படி? ஜினூமெரிக் பாங்கோவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தது. அதாவது, தவிர்த்துவிட்டோம் என்று நாங்கள் சந்தோஷப்பட்ட சுமை ஏற்கெனவே நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதிரி நூலகங்களின் நிரலை லினக்ஸ் நினைவகத்தில் ஒரே ஒரு பிரதிதான் வைக்கும். கேட்கிற எல்லோரும் அதையே பகிர்ந்துகொள்வார்கள். கூட்டுக் குடும்பத்து ஆட்டுக்கல் மாதிரி. இன்னொருத்தர் வந்து மாவாட்டினால் புதுக் கல் வாங்க வேண்டியதில்லை.

எனவே பாங்கோவைப் பயன்படுத்தும் விண்டோ மேனேஜரையே எடுத்தோம்: ஓப்பன்பாக்ஸ். கூடவே பட்டைக்கு டின்ட்2, ஃபைல்களுக்குத் தைவானின் ஹாங் ஜென் யீ எழுதிய பிசிமேன்எஃப்எம். இவர்தான் 2006-ல் எல்எக்ஸ்டிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்பைத் தொடங்கியவர்; அதுவும் ஓப்பன்பாக்ஸ் மேல்தான் நிற்கிறது.

ஓப்பன்பாக்ஸ் கம்பைல் ஆகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தெற்கு அந்தமானின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருவது. போவதும் வருவதும் வழக்கம். லேப்டாப் பேட்டரி செத்து வருஷக்கணக்கு ஆகிறது. அக்கா மகள் "முதல்லேர்ந்தா?" என்று முகம் வாடினாள். இல்லை. கம்பைல் வேலையை மேற்பார்வை பார்க்கும் மேக் என்ற நிரலை பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் எழுதினார். அது ஒவ்வொரு ஃபைலின் தேதியைப் பார்க்கும். மூல நிரலை விடப் புதிதாக இருப்பதைத் தொடாது, மீதியை மட்டும் செய்யும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

தொடர்ந்து, கடைசிக் கட்டத்தில் முட்டி நின்றது. ஒரு ஃபைல் சரியில்லை என்று செய்தி. பார்த்தால் அதன் அளவு பூஜ்யம் பைட். கரண்ட் போன நொடியில் பெயரும் தேதியும் பதிவாகி, உள்ளடக்கம் வட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மேக் தேதியை மட்டும் பார்க்கிற ஆள். முடிந்த வேலை என்று நம்பிவிட்டது. அந்த ஒன்றை அழித்துவிட்டு மறுபடி மேக் கொடுத்ததும் முடிந்தது. வயிற்றெரிச்சலோடு கற்றுக்கொண்ட பாடம் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் ஊரிலும் கரண்ட் போகலாம்.

மொத்தத்தில் முன்னைவிட இருபது முப்பது மெகாபைட் கூடியது. தமிழ் தலைப்பில் ஒழுங்காக வந்ததற்கு இதுதான் விலை. தட்டெழுத இன்னும் கொஞ்சம். எக்ஸின் விசைப்பலகை முறைக்கு ஒரு விசை என்றால் ஒரு குறி. முன்னால் என்ன தட்டினோம் என்ற ஞாபகம் அதற்கு இல்லை. க தட்டி அ, ஆ தட்டினால் உயிர்மெய் ஆக்கித்தரும் தமிழ்99 முறைக்கு அந்த ஞாபகம் வேண்டும். ஜப்பானில் எழுதிய எம்17என் என்ற நூலகம் அதைச் செய்கிறது. அதையும் சேர்த்தோம். உண்மையான எடை இதிலெல்லாம் இல்லை. பிரவுசரைத் திறந்து ஒரு செய்தித்தளத்துக்குப் போனால் இத்தனை நாள் மிச்சம் பிடித்தது ஒரே பக்கத்தில் போய்விடுகிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. கடை நேரத்தில் திறக்காதே என்று அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. ஓப்பன்பாக்ஸின் கடைசி வெளியீடு 3.6.1 வந்தது 2015-ல். எக்ஸின் இடத்தை வேலண்ட் என்ற புதிய அமைப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. ராஸ்பெரி பை 2024 அக்டோபரிலேயே தன் டெஸ்க்டாப்பை லேப்டபிள்யூசி என்ற வேலண்ட் நிரலுக்கு மாற்றிவிட்டது. அது ஓப்பன்பாக்ஸ் போலவே நடந்துகொள்வது, பாங்கோவையும் பயன்படுத்துவது. அதையும் ஒருநாள் கம்பைல் செய்துகொள்ளலாம் என்கிறாள் அக்கா மகள், ஏதோ இட்லிக்கு ஊறப்போடுவது மாதிரி.

காலையில் இப்போது ஷட்டரைத் தூக்குவதற்குள் லேப்டாப் தயார். மேலே 'கொடுக்கல் வாங்கல்' என்று தெளிவாக நிற்கிறது. அக்கா முதல் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் கல்லாவில் உட்கார்ந்தாள். டெர்மினல் ஜன்னலில் மட்டும் கொம்பு இன்னும் க-வுக்குப் பின்னால்தான். அக்கா அதைத் திறப்பதில்லை.