தாடை எக்ஸ்ரேயின் ஓரத்தையும் படியுங்கள்

ஞானப்பல் பிடுங்கவோ, இம்ப்ளான்ட் வைக்கவோ, பல்லுக்குக் கம்பி கட்டவோ போனால், பல் மருத்துவர் பெரும்பாலும் ஓபிஜி எனப்படும் முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்வார். அதில் பற்களோடு கழுத்தின் மேற்பகுதியும் ஓரமாக விழுவதுண்டு. தாடை மூலைக்குக் கீழே, சற்றுப் பின்னால், மூன்றாவது, நான்காவது கழுத்தெலும்புகளின் மட்டத்தில் சிலருக்கு வெள்ளைத் துணுக்குகள் தெரியும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடம் அது. ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில் தெரியாது. அதன் சுவரில் படிந்த கொழுப்பில் கால்சியம் ஏறி இறுகினால் அது மட்டும் வெளுத்துத் தெரியும். அமெரிக்கப் பல் மருத்துவர் ஆர்தர் ஃப்ரீட்லாண்டர் சக ஆய்வாளருடன் 1981-லேயே இதை எழுதிவிட்டார். பல்லை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தை உறைக்குள் போடாமல், கழுத்தில் கண்டதையும் எழுதித் தருவது பல் மருத்துவரின் கடமையாக வேண்டும்.

கழுத்துத் தமனி சுருங்குவது பலருக்கு வெளியே தெரிவதே இல்லை. பக்கவாதமே முதல் அறிகுறியாக வந்துவிடுவதும் உண்டு. படிவு வெடித்து, அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் கை கால் விழும், பேச்சு குழறும். கழுத்தில் படிந்தது இதயத்தின் குழாய்களிலும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தன் ரத்த அழுத்தம் என்னவென்றே தெரியாதவர்களும் ஏராளம். மருத்துவரிடமே போகாத ஒருவர் பல்வலி தாங்காமல் நாற்காலியில் வந்து உட்காரும்போது, அவரை எச்சரிக்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்துத் தமனிப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2014-இலும் 2021-இலும் சொல்லியிருக்கிறதே என்று கேட்கலாம். அந்த அறிவுரை சரியானதே. ஆனால் அது நோயைத் தேடிப் போவதற்கு எதிரானது. வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தானாகக் கண்ணில் பட்டதை மறைக்கச் சொல்லவில்லை. தைராய்டு குருத்தெலும்பின் மேல்கொம்பு, கால்சியம் ஏறிய நிணநீர்க்கட்டி, உமிழ்நீர்ச் சுரப்பிக் கல் ஆகியவையும் இதே இடத்தில் வெளுத்துத் தெரிந்து ஏமாற்றும் என்பதும் உண்மை. துணுக்கு இருப்பதால் குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இறுகாத கொழுப்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், படம் சுத்தமாக இருந்தாலும் நிம்மதிக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே இதற்கென்றே யாரும் ஓபிஜி எடுக்கக் கூடாது.

வேண்டியது ஒரு வரிதான்: 'கழுத்தில் கால்சியம் படிவு போல் தெரிகிறது, பொது மருத்துவரிடம் காட்டவும்.' அவர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் எல்லாம் பார்த்து, தேவைப்பட்டால் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்புவார். உடனே கத்தி வைத்துவிடுவார்களோ என்ற பயம் தேவையில்லை. அறுவை சிகிச்சையின் பெரும்பயன், ஏற்கெனவே அறிகுறி கண்டு, 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களுக்கே. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையும் புகையிலையை விடுவதும்தான் முதல் சிகிச்சை. தமிழ்நாட்டில் 2021 முதல் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கும்போது, அந்த ஒரு வரியால் வரும் செலவு பெரிதல்ல. படத்தை முழுதாகப் படிப்பதைப் பல் மருத்துவக் கல்லூரிகள் பழக்கமாக்கட்டும். அறிக்கையில் கழுத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று நோயாளிகளும் கேட்கட்டும்.