பீரோ பிராங்க்பர்ட்டில், சாவி யாரிடம்?

அக்கா மகன் போன மாதம் பாரிசிலிருந்து வந்திருந்தான். அக்கா வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அவர் காலமான பிறகு அக்காவுக்கு அங்கிருந்துதான் பென்சியோன் வருகிறது. குடும்பக் காகிதம் எல்லாம் ஒரு பழைய தகரப் பெட்டியில் கிடந்தது. லிவ்ரே த ஃபமீய், நாந்த் நகரிலிருந்து வரவழைத்த பிறப்புச் சான்றுகள், வீட்டுப் பத்திரம், அக்காவின் இருதய வைத்தியச் சீட்டுகள். பையன் மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றிவிட்டான்.

"எங்கேடா போய் உட்கார்ந்திருக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"கவலையே வேணாம் மாமா. சர்வர் பிராங்க்பர்ட்டுல இருக்கு. ஐரோப்பாவுல ஆர்.ஜி.பே.தே. சட்டம் இருக்கு. ஒருத்தன் கை வைக்க முடியாது."

சர்வர் என்றால் இட்லி கொண்டுவருகிறவர் என்று இருந்த காலத்து ஆள் நான். ஆனாலும் அரசாங்க வேலையில் காகிதத்தோடே முப்பத்து நான்கு வருடம் குடித்தனம் செய்தவன். சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்த புண்ணியத்தில் அந்த ஊர்ப் பத்திரிகைகளை இன்றும் படிக்கிறேன். அவன் சொன்னது பாதிதான் உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் கம்பெனிகள் வியாபாரம் செய்கின்றன.

எண்பதுகளில் நான் யு.டி.சி.யாக இருந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தகராறான கோப்பு. எங்கள் கட்டடத்தில் இருந்தால் ஆபத்து என்று ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு கட்டடத்தின் ரெக்கார்டு ரூமில் வைக்க உத்தரவானது. கனமான பூட்டு, வாசலில் காவலாளி, எல்லாம் சரி. ஆனால் சாவி வைத்திருந்த ரெக்கார்டு கீப்பர் எங்கள் அதிகாரியின் கீழ் வேலை பார்ப்பவர். அவருடைய சம்பளம், இன்கிரிமென்ட், டிரான்ஸ்பர் எல்லாம் இந்த அதிகாரி கையில். ஒருநாள் சாயந்திரம் துண்டுச் சீட்டு போனது, கோப்பு வந்தது. மறுநாள் திரும்பிப் போனபோது இரண்டு தாள் குறைச்சல். அவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்து என்ன பயன்? சாவிக்காரனின் எஜமான் இங்கேதானே இருந்தான்.

பிராங்க்பர்ட் கதையும் இதேதான். கட்டடம் ஜெர்மனியில். கம்பெனி அமெரிக்காவில்.

2013 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்கு வாரன்ட் போட்டது. போதைமருந்து வழக்கு ஒன்றில் ஒருவருடைய மின்னஞ்சல்கள் வேண்டும் என்று. அவை இருந்ததோ அயர்லாந்தில், டப்ளின் நகரத்து சர்வரில். அமெரிக்க வாரன்ட் அயர்லாந்து வரை நீளாது என்று கம்பெனி வழக்காடி, 2016இல் மேல்முறையீட்டில் ஜெயித்தும்விட்டது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வருவதற்குள், 2018 மார்ச்சில், அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தையே மாற்றிவிட்டது. கிளவுட் ஆக்ட் என்று பெயர். அமெரிக்க அதிகாரத்துக்கு உட்பட்ட கம்பெனியின் கைவசமோ கட்டுப்பாட்டிலோ உள்ள தகவலை, அது உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், முறையான உத்தரவு வந்தால் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். வழக்கு அத்தோடு முடிந்தது.

ஐரோப்பியச் சட்டத்தைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்துக்குப் பல் உண்டு. மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியர், முதலில் சட்ட மாணவராகப் புகார் கொடுக்க ஆரம்பித்தவர், அட்லாண்டிக்கைத் தாண்டித் தகவல் போவதற்கான ஏற்பாடுகளை ஐரோப்பிய நீதிமன்றத்தில் இரண்டு முறை செல்லாததாக்கினார். 2015இல் ஒன்று, 2020இல் ஒன்று. 2023 மே மாதம் மெட்டா கம்பெனிக்கு 120 கோடி யூரோ அபராதம் விழுந்தது. அதே ஜூலையில் மூன்றாவது ஏற்பாடு ஒன்றை ஐரோப்பிய ஆணையம் செய்து கொடுத்தது என்பது வேறு விஷயம். எங்கள் ஆபீசிலும் ஆடிட் ஆட்சேபணை வந்தால் பெயரை மாற்றி அதே பில்லை மறுபடி வைப்பார்கள்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. தகவல் ஐரோப்பிய மண்ணிலேயே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. வெளியே போனால் என்ன பாதுகாப்போடு போக வேண்டும் என்றுதான் சொல்கிறது. வெளிநாட்டு நீதிமன்றம் கேட்டால், நாடுகளுக்கிடையே உடன்படிக்கை இருந்தால்தான் அந்த உத்தரவுக்கு மதிப்பு என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு பக்கம் கொடு என்கிற சட்டம், மறுபக்கம் கொடுக்காதே என்கிற சட்டம். நடுவில் நிற்கும் கம்பெனி யாருக்குப் பயப்படும்? தலைமை அலுவலகம் எங்கேயோ அங்கே உள்ளவருக்குத்தான்.

இது என் கற்பனை இல்லை. 2025 ஜூன் 10ஆம் தேதி பிரெஞ்சு செனட்டின் விசாரணைக் குழு முன்பு மைக்ரோசாஃப்ட் பிரான்ஸ் கம்பெனியின் சட்ட அதிகாரி சத்தியப் பிரமாணம் செய்து பதில் சொன்னார். பிரெஞ்சு அரசின் சம்மதம் இல்லாமல் பிரெஞ்சுக் குடிமக்களின் தகவல் அமெரிக்காவுக்குப் போகவே போகாது என்று உத்தரவாதம் தர முடியுமா என்று கேட்டார்கள். தர முடியாது என்றார். இதுவரை அப்படி நடந்ததில்லை என்றும் சொன்னார். செனட்டில் சத்தியம் செய்து சொல்ல முடியாததை, விளம்பரத்தில் மட்டும் "ஐரோப்பாவில் பத்திரமாக" என்று எழுதலாமோ?

"நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு மாமா?" என்றான். இந்தக் கேள்வியை பிரெஞ்சுக்காரன் ஐம்பது வருடம் முன்பே கேட்டு முடித்துவிட்டான். 1974 மார்ச்சில் லெ மோந்த் பத்திரிகை ஒரு செய்தி போட்டது. அரசுத் துறைகளின் பதிவேடுகளையெல்லாம் ஒரே எண்ணை வைத்துக் கோக்கிற சஃபாரி என்கிற திட்டம் பற்றி. நாடே கொதித்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1978 ஜனவரி 6ஆம் தேதிச் சட்டமும், சி.என்.ஐ.எல். என்கிற காவல் அமைப்பும். அவர்கள் எதையும் ஒளித்து வைத்திருந்ததாலா கொதித்தார்கள்? பதிவேடு வைத்திருப்பவன் கை ஓங்கிவிடும் என்று தெரிந்ததால்தான். இங்கே எங்கள் ஊரில், வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டுக்குப் போலிப் பவர் பத்திரம் முளைக்கிற கதைகளைக் கேட்டவர்களுக்கு, பத்திர நகலும் கையெழுத்தும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடப்பது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

பையன் கெட்டிக்காரன். "அப்ப பிரெஞ்சுக் கம்பெனியிலேயே போட்டுடலாமா?" என்றான். போடலாம், அது மேல். ஆனால் 2021 மார்ச் 10ஆம் தேதி ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் ஓ.வி.ஹெச். என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் சர்வர் கட்டடம் ஒன்று எரிந்து போனது. நகல் வேறிடத்தில் வைக்காத வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. இடம் முக்கியம்தான், நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் கரையானுக்கும். 1776இலேயே பதினாறாம் லூயி, குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு நகல் எடுத்து வெர்சாயுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டான். எங்கள் ஊர்ப் பாட்டன் பூட்டன்களின் பிறப்பு இறப்புக் கணக்கு இன்றைக்கும் எக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது என்றால் அந்த ராஜா உத்தரவும் ஒரு காரணம்.

அதனால் நான் சொன்னது இதுதான். அனுப்புவதற்கு முன்னால், நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பூட்டிவிட்டு அனுப்பு. "நாங்களே பூட்டி வைக்கிறோம்" என்று கம்பெனி சொல்வது போதாது. அவர்கள் பூட்டினால் சாவியும் அவர்களிடம்தான். நாம் பூட்டி அனுப்பினால், எந்த நாட்டு நீதிபதி கேட்டாலும் அவர்களால் கொடுக்க முடிவது பூட்டிய பெட்டியை மட்டும்தான். கடவுச்சொல்லை மறந்தால் நமக்கும் திறக்காது. அந்தத் தொல்லையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றியதையெல்லாம் அழித்துவிட்டு, பூட்டி மறுபடி ஏற்றினான். வைத்தியச் சீட்டுகளை ஏற்றவே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். கடவுச்சொல்லை இரண்டு தாளில் எழுதினோம். ஒன்று பாரிசுக்குப் போனது, இன்னொன்று என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. எல்லாம் முடிந்தபின் அக்கா கேட்டாள்: "இதெல்லாம் சரி, இந்த வருஷ செர்த்திஃபிகா த வீயை அனுப்பிட்டீங்களா இல்லையா?"

அனுப்பவில்லை. மறுநாள் காலையில் போய்க் கையெழுத்து வாங்கி வந்தோம்.